உன் தீப்பெட்டியும் என் சோப்பு டப்பாவும்

உன் தீப்பெட்டி இன்று காலை மறுபடியும் சூடேறி அணைந்துவிட்டது. பாளையங்கோட்டை ரோட்டில் ஒரு மாடி வீடு. மொட்டை மாடியில் நின்று தண்ணீர்த் தொட்டியைக் காட்டிக்கொண்டிருந்தேன். கீக் கீக் என்று சத்தம், திரையில் சிவப்பாக ஒரு தெர்மாமீட்டர் படம், அவ்வளவுதான், போய்விட்டது. முந்தானையில் சுற்றி ஊதி ஊதிப் பார்த்தேன். தை மாத வெயிலுக்கே இந்தப் பாடு என்றால் சித்திரையில் இது என்ன செய்யும்? மூக்கருகே கொண்டுவந்தபோது கைப்பட்டையிலிருந்து உன் தலைவலித் தைல வாசம் வந்தது. பார்ட்டியிடம் போனில் பேசி முடித்ததும் நெற்றிப்பொட்டில் தைலத்தைத் தேய்த்துவிட்டு அதே விரலால் கேமராவைத் தொடுவாயே, அந்த வாசம். லென்சில் அது பட்டு, வீடு முழுக்கப் புகை மூடின மாதிரி வீடியோ வந்த கதையெல்லாம் உண்டு. ஐப்பசியில் போனவள் நீ. தைலம் இன்னும் போகமாட்டேன் என்கிறது. எனக்கு வந்த எரிச்சலை யாரிடம் சொல்ல? அதனால் உனக்கே எழுதுகிறேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நமக்குள் எதற்கெடுத்தாலும் ஒரு வார்த்தை வருமே, 'சவத்தத் தூக்கிப் போடு', 'சவம், வேலையே செய்ய மாட்டேங்கு' என்று. அதை இப்போது என்னால் சொல்ல முடியவில்லை. நாக்கு நுனி வரை வந்து நின்றுவிடுகிறது. இந்தக் கேமராவைத் திட்ட அதைவிடப் பொருத்தமான வார்த்தை இந்த ஊரில் கிடையாது. ஆனாலும் மாடியில் வாயை மூடிக்கொண்டு நின்றேன். திட்டுவதற்கு இருந்த ஒரு வார்த்தையையும் கையோடு கொண்டுபோய்விட்டாய்.

நாசரேத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள் நாம். நீ தூத்துக்குடிக்கு வாக்கப்பட்டு வந்தாய், பின்னாலேயே நானும் வந்தேன். உன் வீட்டுக்காரர் வீட்டுப் புரோக்கர். உப்பு லாரி இடித்து இடுப்பு முறிந்து, சுவரைப் பிடித்து நாலு எட்டு வைப்பதோடு சரி என்று அவர் நாற்காலியோடு ஆனபிறகு, அவருடைய போனை எடுத்து நீ பேச ஆரம்பித்தாய். 'பொம்பளைப் புரோக்கரா?' என்று சிரித்தவர்களிடம், 'அடுப்படி எப்படி இருக்கணும்னு ஆம்பளப் புரோக்கருக்குத் தெரியுமா?' என்று திருப்பிக் கேட்டாய். நான் மட்டக்கடைப் பக்கம் ஸ்டூடியோவில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன். எல்லார் கையிலும் போன் வந்தபிறகு பாஸ்போர்ட் போட்டோவுக்குக்கூட ஆள் வரவில்லை. ஒரு நாள் வந்து வாசலை மறித்துக்கொண்டு நின்றாய்.

"ஏளா, அந்தக் கேமராவத் தூக்கிட்டு வா. வீட்ட வீடியோ எடுத்து வாட்ஸ்அப்ல போடுவோம். சாகுபுரத்துக்கு வேலைக்கு வாரவன், துபாய்ல இருக்கவன் எல்லாம் அங்கன இருந்தே பாத்துக்கிடுவான். சாவியத் தூக்கிக்கிட்டு வெயில்ல நான் என்னத்துக்கு அலையணும்?"

என்னிடம் இருந்தது காம்பேக்ட் கேமரா. உள்ளங்கையில் அடங்கும். ஆன் செய்தால் மூக்கை நீட்டும், ஆஃப் செய்தால் உள்ளே இழுத்துக்கொள்ளும். வெளிச்சம் குறைந்த அறையிலும் படம் தெளிவாக வரும். சுவர் சுவராக, கதவு கதவாக நேரே நிற்கும். ஆனால் நம் ஊர்ப் பழைய வீடுகள் இருக்கின்றனவே, ரயில் பெட்டி மாதிரி அறைக்குப் பின்னால் அறை, இரண்டு பக்கமும் சுவர். அதற்குள் நின்று எடுத்தால் பாதி அறைதான் படத்தில் விழும். 'பின்னால போ, பின்னால போ' என்பாய். பின்னால் சுவர். ஒரு வீட்டில் அப்படிப் பின்னால் போய்ப் போய் அம்மியில் இடறி உட்கார்ந்தே விட்டேன். தூக்கிவிடுவாய் என்று பார்த்தால், "இதுதாளா சரியான இடம், அப்படியே உக்காந்து எடு" என்றாய்.

நடந்துகொண்டே எடுத்தால் அடுத்த வம்பு, படம் ஆடும். ஆட்டம் தெரியாமல் இருக்க அதில் ஒரு வசதி உண்டு. அதைப் போட்டால் கேமரா ஓரங்களை நறுக்கிவிட்டு நடுவில் உள்ளதை மட்டும் தரும். பத்தடி அறை எட்டடி அறையாகிவிடும். "பார்ட்டி வீடு கேக்குதாவளா, புறாக்கூடு கேக்குதாவளா?" என்று என் தலையில் வந்து விடிவாய்.

பிறகு என்னை ஒரு வார்த்தை கேட்காமல் ஆக்‌ஷன் கேமரா வாங்கிவிட்டாய். பைக்கில் பறக்கிறவர்கள் தலைக்கவசத்தில் மாட்டிக்கொண்டு போவார்களே, அது. கடலில் சங்கு குளிக்கப் போகிற யாரோ ஒருவர் அதை நெற்றியில் கட்டிக்கொண்டு முங்கி எடுத்த வீடியோ உன் போனுக்கு வந்திருக்கிறது. அதைப் பார்த்துத்தான் உனக்கு இந்த ஆசை. "கடலே அதுக்குள்ள அடங்குதுளா, நம்ம ஊர் வீடு அடங்காதா?" என்றாய். அது பார்க்கத் தீப்பெட்டி மாதிரி இருக்கிறது என்று நான் சொல்ல, அப்படியானால் என் கேமரா சோப்பு டப்பா என்று நீ சொல்ல, அன்றிலிருந்து அவற்றுக்கு அதுவே பெயர்.

முதல் பரீட்சை உன் வீட்டில்தான். அதுவும் ரயில் பெட்டி வீடு. முன்னறை, பட்டாசல், அடுப்படி, புறவாசல் எல்லாம் ஒரே நேர். வாசலில் நின்றால் புறவாசல் முருங்கைமரம் தெரியும். நடுக்கூடமான பட்டாசலில் உன் வீட்டுக்காரர், எனக்கு அண்ணாச்சி, நாற்காலியில் இருந்தார். நீ தீப்பெட்டியை ஒரு குச்சியில் மாட்டி நீட்டிக்கொண்டு வாசலிலிருந்து நடந்து போனாய். கொஞ்சம்கூட ஆடவில்லை, வழுக்கிக்கொண்டு போனது. அறையின் நாலு சுவரும் விழுந்தன, தரையும் விழுந்தது, விட்டமும் விழுந்தது. எனக்கு வயிறு எரிந்தது.

"ஏளா, என்னைய விட்டுட்டு எடு" என்று அண்ணாச்சி அலுத்துக்கொண்டார். லுங்கியோடு இருந்தார், முகச்சவரம்கூடச் செய்திருக்கவில்லை.

"நீங்க வராம இந்த வீட்ட இதுல எடுக்க முடியாது" என்றாய். முன்னறையில் நின்று எடுத்தாலும் அவர் விழுந்தார், அடுப்படியிலிருந்து திருப்பினாலும் விழுந்தார். நீ சொன்னது அந்தக் கேமராவைப் பற்றி. அவர் வேறு மாதிரி எடுத்துக்கொண்டு வெட்கப்பட்டார். அதைப் பார்த்து நீ சத்தம் போட்டுச் சிரித்தாய்.

உன் தீப்பெட்டியால் நான் பட்ட பாடு கொஞ்சமா? சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் உள்ளறைக்குள் போனால் படம் முழுக்கப் புள்ளி புள்ளியாகக் குருணை கொட்டினதுபோல இருக்கும். பேட்டரி பாதி வீட்டில் தீர்ந்துவிடும். எல்லாவற்றுக்கும் மேலே அந்த வளைவு. அகலமாகப் பார்க்கிற லென்சு, ஓரத்தில் இருப்பதையெல்லாம் வளைத்துவிடும். தூண் வளையும், பீரோ வளையும், நிலை வளையும்.

நிலை வளைந்ததால் என்ன ஆனது என்று நினைவிருக்கிறதா? ஏரலில் வாழைக்காய் மண்டி வைத்திருக்கிற அண்ணாச்சி ஒருவர், மகளுக்கு வாங்கிக்கொடுக்க இங்கே வீடு பார்த்தார். நீ அனுப்பின வீடியோ பிடித்துப்போய், மறுநாள் காலை முதல் பஸ்ஸில் வந்து இறங்கினார். கூடவே ஓர் ஆசாரி, கையில் ரசமட்டம்.

"வீடெல்லாம் மனசுக்குப் புடிச்சிருக்கும்மா. தலைவாசல் நிலைதான் வளைஞ்சு கெடக்கு. அதான் ஆளக் கூட்டியாந்தேன். செதுக்கி நேராக்கலாமா, புதுசா மாத்தணுமான்னு பாக்கட்டும்."

ஆசாரி ரசமட்டத்தை வைத்தார். நேராக இருந்தது. மறுபக்கம் வைத்தார். அதுவும் நேர். ஏரல் அண்ணாச்சி ஒத்துக்கொள்ளவில்லை. எதிரே நிற்கிற நிலையைப் பார்க்காமல், போனை எடுத்து அதில் உள்ள நிலையை ஆசாரியிடம் காட்டினார். "இந்தா, வளைஞ்சுதான இருக்கு?" ஆசாரி போனைப் பார்த்துவிட்டு, ஆமாம், வளைந்துதான் இருக்கிறது என்றார்.

"அண்ணாச்சி, நிலை வளையல. கேமரா அகலமாப் பாக்குது, அதான் அப்படித் தெரியுது" என்றாய் நீ.

"அகலமாப் பாத்தா வளையுமோ? நான் கண்ண அகல முழிச்சுதான் பாக்கேன், எனக்கு ஒண்ணும் வளையலயே."

நீ என்னைப் பார்த்தாய். நான் ஆசாரியின் ரசமட்டத்தைப் பார்த்தேன். அவருடைய வீட்டம்மா அன்று மத்தியானமே போன் செய்து, "ஒரு தடவ வளைஞ்சு பாத்துட்டோம்லா, இனி அந்த வாசல்ல நுழையும்போதெல்லாம் மனசு உறுத்தும்" என்று சொல்லிவிட்டார். நேரான நிலை, நேரான வீடு, கை நழுவிப் போனது. ஒரு வாரம் உன்னோடு நான் பேசவில்லை.

அந்தக் கேமராவுக்குள்ளேயே அதற்கு மருந்து இருந்தது. லீனியர் என்று ஒரு மோடு. அதைப் போட்டால் வளைந்ததெல்லாம் நேராகிவிடும். நிமிர்த்துவதற்காக ஓரங்களைக் கொஞ்சம் வெட்டிப் போட்டுவிடும், அவ்வளவுதான். போடு போடு என்று உன்னிடம் எத்தனை தடவை தலையில் அடித்துக்கொண்டேன்! "வெட்டிப் போடுததுக்கா இத வாங்கினேன்? அதுக்கு உன் சோப்பு டப்பாவே போதுமே" என்று கடைசிவரை நீ அதைப் போடவேயில்லை.

துறைமுகத்தில் வேலை பார்க்கிற தம்பி ஒருவர் நம் மூலமாக வீடு வாங்கி, பால் காய்ச்சுக்குக் கூப்பிட்டார். சும்மா இருந்திருக்கலாம். வீட்டுக்கு நம் அன்பளிப்பு என்று நீ தீப்பெட்டியை எடுத்துக்கொண்டு வீடியோ எடுத்தாய். அடுப்பைச் சுற்றிச் சொந்தக்காரர்கள் நின்றார்கள். ஓரத்தில் நின்ற அவருடைய அத்தை படத்தில் இரண்டு ஆளாக அகன்றுவிட்டார். போனைப் பார்த்த அந்த அம்மாள் முகம் செத்துப்போயிற்று. "என்னைய ஏன் இப்படி ஆக்கி வச்சிருக்க?" என்று உன்னைப் பிடித்துக்கொண்டார். நான் அவமானத்தில் வாசலுக்கு வந்துவிட்டேன். உன் குரல் உள்ளே கேட்டது.

"அத்த, ஓரத்துல நிக்கவங்க கொஞ்சம் வளைஞ்சுதான் தெரிவாவ. அவ கேமராவா இருந்தா நீங்க இந்தப் படத்துலயே இல்ல. தெரியாமப் போறதுக்கு வளைஞ்சு தெரிஞ்சா என்ன?"

அந்த அம்மாள் அதற்குச் சமாதானம் ஆகிவிட்டார் என்பதுதான் எனக்கு இன்றுவரை ஆறாத எரிச்சல். பாயசம் வேறு உனக்கு இரண்டாம் தடவை ஊற்றினார்கள்.

என் சோப்பு டப்பாவை நீ சும்மா விட்டாயா? சாகுபுரம் தொழிற்சாலைக்கு மாற்றலாகி வந்த ஒரு குடும்பத்துக்கு நான் எடுத்த வீடியோவில், சுவரில் உப்புக்காற்று தின்ற இடம் விழாதபடி கொஞ்சம் தள்ளி நின்று எடுத்திருந்தேன். தொழில் சுத்தம் என்று நான் நினைத்திருந்தது அது. அவர்கள் நேரில் வந்து, சுவரைச் சுரண்டிப் பார்த்து, உன்னைக் கேட்ட கேள்வியில் நீ தைலம் தேடினாய். "என் கேமரா உள்ளதக் கூட்டிச் சொல்லும். உன் கேமரா கமுக்கமா இருந்துக்கிடும். ரெண்டுக்கும் ஏச்சு வாங்குதது நான்!" என்று கத்தினாய். பழைய துறைமுகம் பக்கம் கடலோர மனை ஒன்றை எடுக்கப் போனபோது காற்றில் வந்த மணல் என் கேமராவின் மூக்குக்குள் புகுந்து, மூக்கு பாதி நீட்டினபடி கரகரவென்று சத்தம் போட்டு நின்றுபோனதே, அன்றைக்கு உன் முகத்தில் இருந்த சந்தோஷத்தை என் கல்யாணத்தில்கூட நான் பார்க்கவில்லை. கடல் தண்ணீரில் உன் தீப்பெட்டியை முக்கி எடுத்து, உதறி, என் மூக்குக்கு முன்னால் ஆட்டிக் காட்டினாய்.

அப்புறம் ஐப்பசி. மழை நாள் காலையில் நெஞ்சு கரிக்கிறது என்று சோடா வாங்கிக் குடித்தாயாம். மத்தியானத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. உன் போன் மட்டும் அன்று முழுக்க அடித்துக்கொண்டே கிடந்தது. தாங்காமல் நான்தான் எடுத்தேன். மறுபக்கத்தில் யாரோ, "மூணாவது மைல் வீடு இருக்கா? நல்ல தண்ணியா, உப்புத் தண்ணியா?" என்று கேட்டார்கள். 'நல்ல தண்ணி' என்று சொல்லிவிட்டு, அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து அழுதேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உன் மகள் சுபா, பெங்களூரிலிருந்து கார்த்திகையில் கூப்பிட்டாள். அவளையும் குறை சொல்ல முடியாது. பச்சைப்பிள்ளை ஒன்று, பள்ளிக்கூடம் போகிற பிள்ளை ஒன்று, ஆபீஸ். அப்பாவுக்கு வைத்த ஆயாம்மாக்கள் ஒருவர்பின் ஒருவராக நின்றுவிட்டார்கள். அவர் போன் எடுக்காத ஒவ்வொரு தடவையும் அவளுக்கு அங்கே ஈரக்குலை நடுங்குகிறது.

"வீட்டக் குடுத்துட்டு அப்பாவக் கூட்டிட்டு வந்துருதேன் அத்தை. இங்கன ஒரு ரூம் ஒதுக்கிட்டேன். வீடியோ மட்டும் நீங்க எடுத்துக் குடுங்க."

"அப்பா என்ன சொல்லுதாவ?"

"அப்பா வர மாட்டேங்குதாங்க. அவங்க சம்மதத்துக்குக் காத்திருந்தா எதுவும் நடக்காது. அத்தை, இன்னொண்ணு. அப்பா வராம எடுங்க. நாற்காலில ஒருத்தர் உக்காந்திருந்தா வீடு பாக்கவங்களுக்கு ஒரு மாதிரி இருக்கும். அம்மா போட்டோவையும் கழட்டிருங்க. சாவு வீடுன்னு யோசிப்பாங்க."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஆனால் அவள் சொன்னதில் தப்பு எது? இதே பேச்சை நீயும் நானும் எத்தனை வீட்டுக்காரர்களிடம் பேசியிருக்கிறோம். கட்டிலை மறையுங்கள், மருந்துப் பாட்டிலை எடுங்கள், பெரியவரைக் கொஞ்சம் பக்கத்து வீட்டில் உட்கார வையுங்கள். சரி என்றேன்.

நல்ல நேரம் பார்த்து ஒரு நாள் காலையில் போனேன். ரிப்பேர் பார்த்து மீண்ட என் சோப்பு டப்பாவும் உன் தீப்பெட்டியும் பையில் இருந்தன. அண்ணாச்சி வழக்கம்போலப் பட்டாசலில், அதே நாற்காலி. முகச்சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டிருந்தார்.

"தங்கச்சி, நான் பெங்களூருக்கு வரல. நீ அவகிட்டச் சொல்லிரு. அங்கன நான் யாருகிட்ட என்ன பேச? இங்கன வாசல்ல போறவன் ஒருத்தனாவது 'அண்ணாச்சி, என்ன வெல போவுது'ன்னு கேட்டுட்டுப் போவான்."

"நீங்களே சொல்லுங்க அண்ணாச்சி."

"சொன்னேன். 'அப்பா, நீங்க செத்த நேரம் சும்மா இருங்க'ங்கா."

நான் சோப்பு டப்பாவை எடுத்தேன். அவர் வராமல் எடுக்க அது போதும். முன்னறையில் ஜன்னலைப் பார்த்து நின்றேன், அவர் விழவில்லை. பட்டாசலில் அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்று எதிர்ச்சுவரை எடுத்தேன், விழவில்லை. அடுப்படியில் கதவைப் பாதி சாத்திக்கொண்டேன். அவரைத் தவிர்ப்பது அவ்வளவு சுலபமாக இருந்தது. எடுத்ததைப் போட்டுப் பார்த்தேன். சுத்தமாக வந்திருந்தது. வெளிச்சம் அழகு, நிலைகள் நூல் பிடித்த மாதிரி நேர். இத்தனை வருஷத்தில் நான் எடுத்த வீட்டு வீடியோக்களில் அதுதான் ஆகச் சிறந்தது என்றுகூடச் சொல்வேன். பார்க்கப் பார்க்க எனக்கு ஆத்திரம் பொங்கியது. இந்த வீட்டில் நீயும் இல்லை, அவரும் இல்லை, யாருமே என்றைக்கும் இருந்ததில்லை என்பதுபோல இருந்தது.

உன்னைத் திட்டிக்கொண்டேதான் தீப்பெட்டியை எடுத்தேன். குச்சியில் மாட்டினேன்.

"நான் புறவாசலுக்குப் போயிரட்டுமா?" என்று நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு எழப் பார்த்தார்.

"இருங்க அண்ணாச்சி. நீங்க எங்க போனாலும் இதுல விழுவீங்க."

"அவளும் இதத்தான் சொல்லுவா" என்றார், திரும்ப உட்கார்ந்துகொண்டு. நான் வாசலிலிருந்து நடந்தேன். அவர் தலை என்கூடவே திரும்பியது. முன்னறையிலிருந்து எடுத்தபோது கதவு வழியாகப் பார்த்தார். அடுப்படியிலிருந்து திருப்பினபோதும் அந்தக் கதவு வழியாகப் பார்த்தார். பட்டாசல் சுவரில் உயரே, சீரியல் பல்பு சுற்றித் தொங்குகிற உன் போட்டோவை நான் கழற்றவில்லை. ஸ்டூலில் ஏற என் முழங்காலுக்குத் தெம்பில்லை, அதற்கு நான் பொறுப்பில்லை.

இரண்டு வீடியோவையும் சுபாவுக்கு அனுப்பினேன். 'ரெண்டையும் பார்த்துவிட்டு ஒன்றைப் போடு' என்று எழுதியும் அனுப்பினேன். மகாராணிக்கு ஆபீசில் மீட்டிங். வாசல், பட்டாசல், புறவாசல் எல்லாம் முதல் நொடியிலேயே தெரிகிற வீடியோ எதுவோ அதைத் தொட்டு, முழுசாகப் பார்க்காமலே, நம் குரூப்புகள் எல்லாவற்றுக்கும் தன் நம்பரோடு தள்ளிவிட்டாள். அகலமாகத் தெரிந்தது உன்னுடையது.

அன்றிலிருந்து அவளுக்குப் போன் வர ஆரம்பித்தது. யாரும் எத்தனை அடி என்று கேட்கவில்லை. நல்ல தண்ணியா உப்புத் தண்ணியா என்றுகூடக் கேட்கவில்லை. எல்லாரும் கேட்டது ஒரே கேள்வி. அந்தப் பெரியவர் எங்கே போவார்? துறைமுகத்து ஆபீசர் ஒருவருடைய மனைவி கேட்டிருக்கிறார். உப்பளக் கணக்குப்பிள்ளை ஒருவர் கேட்டிருக்கிறார். நம்மோடு எப்போதும் மல்லுக்கு நிற்கிற அந்தப் பிரையண்ட் நகர் புரோக்கர்கூடக் கேட்டிருக்கிறார். ஏரல்காரர் மட்டும் வேறு மாதிரி. "அந்த அண்ணாச்சி வீட்டோட சேத்தியா?" என்று விசாரித்துவிட்டு, இந்த வீட்டுக்கும் நிலை வளைந்திருக்கிறதே என்று வருத்தப்பட்டாராம்.

சுபா என்னைக் கூப்பிட்டுக் கத்தினாள். "நான் என்ன சொன்னேன், நீங்க என்ன எடுத்திருக்கீங்க? எல்லா ரூம்லயும் அப்பா இருக்காங்களே அத்தை!"

"ரெண்டுல ஒண்ணு அவிய இல்லாமத்தான் எடுத்திருக்கேன். நீதான் பாக்காமப் போட்ட."

"இப்பப் பாத்துட்டேன்" என்றாள். அப்புறம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "அவங்க கேமராவையே பாத்துட்டு இருக்காங்க அத்தை. நீங்க எந்த ரூமுக்குப் போனாலும் எட்டி எட்டிப் பாக்காங்க. ஒரு அம்மா போன்ல கேட்டாங்க, 'இவ்வளவு வாஞ்சையா வாசலப் பாத்துட்டு இருக்காரே, அவர எங்கம்மா கொண்டு போகப் போற?'ன்னு. எனக்குப் பதில் சொல்ல வரல. எல்லாருக்கும் ஒரு பதில் வச்சிருந்தேன். ஒருத்தருக்கும் சொல்ல வரல."

அவளைச் சமாதானப்படுத்த எனக்குத் தெரியாது. உனக்குத்தான் அந்த வாய். நான் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். ஸ்டூடியோவை இழுத்து மூடிவிட்டு உங்கள் முன்னறைக்கே வந்துவிடுகிறேன், பகல் முழுக்க நான் அங்கேதான் இருப்பேன், கூடமாட ஒத்தாசைக்கு ராத்திரி தங்க ஓர் ஆளை நானே பார்க்கிறேன் என்றேன். "குரூப்புலருந்து வீடியோவ எடுத்துரச் சொல்லுங்க அத்தை" என்றாள். பிறகு, அவள் உன் மகள் அல்லவா, "வைகாசி வரைக்கும் பாப்போம். அப்புறம் நான் சொல்லுததக் கேக்கணும்" என்றாள். கேட்கலாம், கேட்காமலும் போகலாம்.

இப்போது உன் முன்னறையில்தான் என் மேசை. அண்ணாச்சி என் வேலையைக் கெடுத்துக்கொண்டு பட்டாசலில் இருக்கிறார். போனை அவரே எடுக்கிறார். நான் பேசி முடித்த பேரத்தை மறுபடி முதலிலிருந்து பேசுகிறார். 'கெழக்குப் பாத்த வாசல், நல்ல தண்ணி' என்று மேற்குப் பார்த்த வீட்டுக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறார். நேற்று ஒரு பார்ட்டியிடம் சண்டையே போட்டுவிட்டார். பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறேன். உன்னோடு எப்படித்தான் குடும்பம் நடத்தினார் என்று முன்பு யோசிப்பேன். அவரோடு நீ எப்படி நடத்தினாய் என்று இப்போது யோசிக்கிறேன்.

இன்று மாடியில் அணைந்த தீப்பெட்டியை உன் வீட்டுக்குக் கொண்டுவந்து மண்பானைமேல் வைத்து ஆற்றினேன். உயிர் வந்தது. அண்ணாச்சி பார்த்துக்கொண்டே இருந்தார்.

"தங்கச்சி, அன்னைக்கு எடுத்தியே, அத நான் பாக்கவே இல்ல. போட்டுக் காட்டு."

அழித்துவிட்டேன் என்று சொல்லலாமா என்று யோசித்தேன். கார்டில் அப்படியே இருந்தது. போட்டேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். தன்னைக் கண்டதும், "எல்லாத்துலயும் விழுந்திருக்கேனே!" என்று சிரித்தார். சவரம் செய்து வெள்ளைச் சட்டை போட்டது வீண்போகவில்லை என்று அவருக்கு ஒரு திருப்தி. அப்புறம் குரலைத் தணித்துக்கொண்டு கேட்டார்.

"அவ?"

பட்டாசல் வரும் இடத்தில் நிறுத்திக் காட்டினேன். இந்தச் சின்னத் திரையில், மேலே வலது ஓரத்தில், சீரியல் பல்புக்கு நடுவில், நீ. சட்டம் வில்லாக வளைந்து, நெற்றி ஒரு பக்கமாக இழுபட்டு, பால் காய்ச்சு வீட்டு அத்தையைப் போல அகன்றுபோய் இருந்தாய். நன்றாக வேண்டும் உனக்கு.

"வளைஞ்சு இருக்கா" என்றார் அண்ணாச்சி.

"ஓரத்துல நிக்கவ அப்படித்தான் தெரிவா."

"தெரியுதால்லா" என்றார். திரையைத் தன் சட்டை நுனியால் துடைத்துவிட்டு என் கையில் கொடுத்தார்.

சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் மிச்ச மாடியை எடுக்க மறுபடியும் பாளையங்கோட்டை ரோட்டுக்குப் போக வேண்டும். தண்ணீர்த் தொட்டி வளையும். கைப்பிடிச் சுவர் வளையும். பார்ட்டி நிச்சயம் கேட்பார்கள், நான் பதில் சொல்லிச் சொல்லித் தொண்டை வற்றுவேன். லீனியர் போட்டால் ஒரு நொடியில் எல்லாம் நேராகிவிடும். அந்த வழி தெரியும், விரலும் அங்கே போகிறது. எதற்கும் முதலில் உன் பட்டாசலில் நின்று போட்டுப் பார்த்தேன். சுவர் நிமிர்ந்தது, நிலை நிமிர்ந்தது. அண்ணாச்சிகூட முழுசாக உள்ளே இருந்தார். நீ மட்டும்தான் வெட்டுப்பட்டாய்.

உடனே மாற்றிவிட்டேன்.